மைனஸ் நாப்பது

பங்குனி, உச்சிப்பொழுது.
மாங்குளம் சந்தியில் தார் இளகிச்
செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
முத்தையன்கட்டு நெல்லோடு வந்த பத்துச் சில்லு லொறி
என் கராச் வாசலில் மூச்சுக் குறைந்து நின்று
குளிருது என்கிறது.

"முதலாளி இல்லையோ?" என்று கேட்டுவிட்டு
பலகையில் இருந்த பெயரை வாசித்தார் சாரதி:
இதயவாணி மோட்டோர்ஸ்.
"ஓ," என்றார்.

நான் லொறியை நம்பவில்லை.
ஸ்கானரைக் கழற்றி, ஊதி, திரும்பப் பூட்டினேன்.
மடிக்கணினியில் அதே இலக்கம்:
நீலமூடித் தாங்கி, மைனஸ் நாப்பது.
உள்ளே உள்ளது பாறையாகிவிட்டதாம்.
உருக்கவென்று
எஞ்சினின் கொதிநீரைத் திறந்துவிட்டு
காலையிலிருந்து காத்திருக்கிறதாம்.
உருகவில்லையாம்.
ஆகவே இருபதுக்கு மேல் ஓடமாட்டாதாம்.

மூடியைத் திறந்தேன்.
கண்ணில் அடித்தது அமோனியா.
ஈரம் காய்ந்த வயலில் யூரியா எறிந்தால் மணக்குமே,
அதைப்போலப் பத்து மடங்கு.

"யூரியாவே இது?" என்றார் தர்மகுலராசா.
"யூரியாதான். மூண்டில ஒரு பங்கு. மிச்சம் நல்ல தண்ணி.
புகைக்குள்ள தெளிச்சு நஞ்சை முறிக்கிறது."
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"ஒரு பை யூரியா தாண்டிக்குளம் தாண்ட விடாத காலத்தில
மண்ணெண்ணெயில லொறி ஓடினனான், பிள்ளை.
அந்தப் புகைக்கு ஆர் மருந்து குடுத்தது?"

அடியில் படுத்தேன்.
வடக்கு யப்பானில் பனிக்குள் மீன் ஏற்றிய வண்டி.
தாங்கிக்குள் வெந்நீர்க் குழாய்,
குழாயைச் சுற்றிப் பஞ்சு,
மைனஸ் பதினொன்றில் உறையும் ஒரு திரவத்துக்காக
ஆரோ இருந்து யோசித்துச் செய்த ஏற்பாடு.
இங்கே வந்து மூன்று வருடம்,
ஒருநாள் தேவைப்பட்டதில்லை.
மார்கழி விடியலில் இந்தச் சந்தி
இருபதுக்கு இறங்கினால்
தேத்தண்ணிக் கடைக்காரன் காதைச் சுற்றித் துவாய் கட்டுவான்.
எங்கள் பனி அவ்வளவுதான்.

அணில் பஞ்சைப் பிடுங்கியிருக்கிறது.
போகிற போக்கில் சென்சர் வயரையும் கடித்திருக்கிறது.
"வயர் அறுந்தால், தெரியேல்லை எண்டு சொல்லாது, ஐயா.
தெரியேல்லை எண்டதுக்கு அதிட்ட இலக்கம் இல்லை.
ஆகக் குறைஞ்சதைச் சொல்லும்."

கொஞ்சநேரம் பேச்சில்லை.
பிறகு பெடியனைப் பற்றிச் சொன்னார்.
எட்மன்டனில் அவனும் லொறிதான்.
நீலத்தண்ணி அங்க இரவில கட்டியாப் போகுமாம்.
போனாலும் வண்டி வெளிக்கிடும், ஓட ஓட உருகும்.
உறையேக்க ஊதும்.
அதால முட்ட ஊத்தக் கூடாது, அப்பா,
பனிக்கு இடம் விட்டு ஊத்த வேணும்.
தை பிறந்ததிலிருந்து அழைப்பில்லை.
"அங்க சரியான குளிராக்கும்," என்றார்.
நான் வயரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

புதுச் சென்சர் கொழும்பிலிருந்து வரப் பத்து நாள்.
நெல் இன்றைக்கே ஆலையில் இறங்க வேண்டும்.
செத்த ரேடியோ ஒன்றிலிருந்து ரெசிஸ்டர் எடுத்து
அறுந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒட்டினேன்.
இருபத்தெட்டு, என்று நம்பியது லொறி.
அதுவும் பொய்தான்.
தாங்கியைத் தொட்ட என் விரல் கொப்பளித்திருந்தது.

வெந்து கெட்டதை வடித்து,
குழாய்வாயில் பூத்த வெள்ளை உப்பைச் சுடுநீரில் கரைத்து,
புதுக் கலனை அவரிடம் கொடுத்தேன்.
தாங்கியின் பக்கத்தில் ஒரு கோடு,
கோட்டருகே யப்பான் எழுத்து.
இருவருக்கும் வாசிக்கத் தெரியாது.
கோடு வந்ததும் கலனை நிமிர்த்தினார்.
"முட்ட ஊத்துங்கோ ஐயா, இங்க என்ன உறையப் போகுதே?"
இன்னும் மூன்று லீற்றர் கிடந்தது.
"இல்லைப் பிள்ளை. அந்த இடம் கிடக்கட்டும்."

மூடியை இறுக்கிக் கையைத் துடைத்து
போனை எடுத்துப் பார்த்தார்.
திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு
என் கூலியை எண்ணத் தொடங்கினார்.